பிங்யாவ் மதிலும் ஹரிஸ் பார்க் கதவும்

பிங்யாவ், சீனா
11 மே 2025

கல்யாணி,

நீ என்னை ஃபோனில புளொக் பண்ணிப்போட்டாய். வாட்ஸப்பிலயும் புளொக். தபால்காரனை புளொக் பண்ண உன்னால ஏலாது, அதுதான் கடுதாசி. வாசிக்காமல் குப்பைக்குள்ள போட்டாலும் போடு. எழுதி முடிச்சாத்தான் என்ர மனம் ஆறும்.

முப்பது வருசமடி! மெல்போன் கிளேட்டனில நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அறையில இருந்து படிக்கேக்க, சீனாக் கடைக்காரன் சும்மா தந்த கலண்டரில இந்த ஊர்ப் படம் இருந்தது. சுத்திவர மதில், மதிலுக்கு மேல சனம் நடக்குது. "ஒரு நாளைக்கு இதுக்கு மேல நடக்கணும்டி" எண்டு சொன்னது நீ. நான் அப்ப அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தன், தலையைக்கூட நிமித்தேல்ல. பிறகு உனக்குக் கலியாணம், சிட்னி. எனக்குக் கலியாணம், மெல்போனிலயே கிளென் வேவர்லி. என்ர மனுசன் கேதீஸ்வரன் செத்து மூண்டு வருசம் நான் ஒரு இடமும் போகாமல் கிடக்க, "எந்திரிடி, இப்பவாவது போவோம்" எண்டு ஜனவரியில டிக்கெட் போட்டதும் நீதான். போறதுக்கு மூண்டு நாள் இருக்க, "நான் வரல. மன்னிச்சுக்க." அவ்வளவுதான். பிறகு புளொக். அப்பிடி நான் உனக்கு என்ன செய்தனான்?

விசரில தனிய வெளிக்கிட்டு வந்திட்டன். ஐம்பத்தஞ்சு வயசில முதல்தரம் தனியப் பிரயாணம்.

நான் தங்கியிருக்கிற விடுதி மதிலுக்கு உள்ளுக்க, ஒரு பழைய முற்றத்து வீடு. கட்டில் செங்கல்லால கட்டினது, குளிர் காலத்தில அடியில நெருப்பு மூட்டுவினமாம். ரெண்டு பேருக்குப் பதிஞ்ச அறை எல்லோ, எல்லாம் ரெண்டு ரெண்டா வைச்சிருக்கினம். ரெண்டு துவாய், ரெண்டு சோடிச் செருப்பு, ரெண்டு கோப்பை. காலமை சாப்பிடப் போனால் ரெண்டு கிண்ணத்தில தினைக் கஞ்சி. விடுதிக்காரப் பிள்ளை ஒரு விரலை நிமித்தி "ஒராளோ?" எண்டு கேக்குது. நானும் ஒரு விரலை நிமித்தினன். உன்ர கஞ்சியையும் நான்தான் குடிச்சனான், வீணாக்கேலாது.

எட்டு மணிக்குத் தெற்கு வாசலால மதிலுக்கு ஏறினன். வாசலில பாவின கல்லில வண்டில் சில்லு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கு, என்ர கை நாலு விரல் இறங்குது. மேல ஏறினால் ரோட்டு மாதிரி அகலம். ஒரு பக்கம் ஊருக்கு வெளி, காரும் கட்டடமும். மற்றப் பக்கம் உள்ளுக்க முழுக்கச் சாம்பல் ஓட்டுக் கூரை. சுத்தி வர ஆறு கிலோமீட்டர். கீழ பெரிய தெருவில சிவப்புக் கூண்டு விளக்கும் சனமும், எங்க பாத்தாலும் வினாகிரி மணம். இஞ்சத்தையச் சனம் எதுக்கும் வினாகிரிதான் ஊத்துது. பட்டு உடுப்பு வாடகைக்குப் போட்டுப் படம் எடுக்கிற பெட்டையள் என்னையும் பிடிச்சுக் கிரீடம் வைக்கப் பாத்தாளவை. என்ர முழங்காலுக்கும் மூஞ்சைக்கும் நான் சீன இளவரசி! நீ இருந்திருந்தால் சிரிச்சு விழுந்திருப்பாய். அதை நினைச்சு எனக்கு அழுகைதான் வந்தது, பிறகு கோவம் வந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு மேற்குப் பக்கம் போனன். அங்க உல்லாசப் பயணியள் இல்லை, சனம் உண்மையா சீவிக்கிற வீடுகள். மேல நிண்டு பாத்தால் முற்றம் எல்லாம் தெரியும். கொடியில உடுப்பு, சாடிக்குள்ள வெங்காயத்தாள். ஒரு முற்றத்தில ஒரு மனுசன் கதிரையில இருந்தார். அறுபத்தஞ்சு மதிக்கலாம், சேட்டுக் கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டி, தலை வாரி இழுத்து. எழும்பிக் கதவடிக்குப் போறார். கதவில சின்ன மணியள் கோத்துக் கட்டியிருக்கு, கிலுங்குது. உடன ஒரு மனுசி குசினிக்குள்ள இருந்து மாக்கையோட வெளியில வாறா. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் இருத்திறா. அஞ்சு நிமிசம். திரும்ப எழும்பிறார். திரும்ப மணி. நான் எண்ணினன் கல்யாணி, பத்துத்தரம். அந்த மனுசிக்கு எங்கட வயசுதான் இருக்கும்.

இருபத்திரண்டு வருசமா முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவளுக்கு இதைப் பாத்தால் கால் நகருமோ? அடுத்த படியால இறங்கி, ஒழுங்கையைத் தேடிப் பிடிச்சு, கதவில தட்டினன். ஃபோனில கதைச்சால் அது சீனத்துக்கு மாத்திச் சொல்லும் எல்லோ, அப்பிடித்தான் கதைச்சம். மனுசன் பள்ளிக்கூட வாத்தியாராம். வீட்டுக்குப் போக வேணும் எண்டுதான் எழும்பிறாராம். இதுதான் வீடு எண்டு எத்தினைதரம் சொல்லுறது எண்டு அந்த மனுசி கேட்டா.

அந்த மணிச் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரியும், கல்யாணி. பெப்ரவரியில நீ வீடியோவில கதைச்சுக்கொண்டிருக்கேக்க பின்னால கிலுங்கினது. நீ பாஞ்சு எழும்பி லைனைக் கட் பண்ணினாய். பிறகு கேட்டதுக்கு "வாசக்கதவுக்கு வாஸ்து" எண்டாய். போன தீபாவளிக்கு உன்ர வீட்டுக்கு வந்த நேரம் உன்ர மனுசன் முரளி அண்ணை என்னட்ட மூண்டுதரம் "கேதீஸ் வரலியா?" எண்டு கேட்டவர். செத்தவீட்டுக்கு வந்து என்னோட நாலு நாள் நிண்ட மனுசன். பாசத்தில வாய் தவறுது எண்டு நினைச்சன். நீ அவரைக் கையில பிடிச்சு உள்ளுக்க இழுத்துக்கொண்டு போனாய். என்ர வேலையே இது! என்ர கண் அப்ப எங்க போனது?

மெல்போனுக்குப் போய்த்தான் இதைத் தபாலில போடுவன். கோவம் இன்னும் இருக்கு. ஆனால் இப்ப ஒண்டே ஒண்டைத்தான் கேக்கிறன். முரளி அண்ணைக்கு என்ன?

கௌரி


ஹரிஸ் பார்க்
சிட்னி, 27 மே 2025

கௌரி,

உன் கவர் வந்துச்சு. அம்மாடி, எவ்ளோ பக்கம்! வேலைவெட்டி இல்லாதவ கணக்கா எழுதியிருக்க.

அவருக்கு ஒண்ணும் இல்ல. கண்ணுல புரை, அதனால கார் ஓட்டறதில்ல, அவ்வளவுதான். வேலைய விட்டதும் கொஞ்சம் சோர்ந்து போயிட்டாரு. முப்பது வருஷம் ரயில்வே சிக்னல் பாத்த மனுஷன், வீட்ல சும்மா உக்காந்தா அப்படித்தான் இருக்கும். நீ நர்ஸுங்கறதுக்காக உலகத்துல இருக்கறவங்க எல்லாம் உனக்கு பேஷண்ட் ஆயிட மாட்டாங்க. எதோ ஒரு சீனாக்காரரைப் பார்த்துட்டு வந்து என் புருஷனுக்கு வியாதி கட்டற. நல்லா இருக்குடி உன் நியாயம்.

வராதது தப்புதான். யாமினிக்கு நவம்பர்ல கல்யாணம், உனக்குத் தெரியும். வேலை தலைக்கு மேல கெடக்கு. உங்கிட்டச் சொன்னா நீ விடமாட்ட, "ரெண்டு வாரம்தானே" ன்னு நிப்ப. அதான் பிளாக் பண்ணினேன். போதுமா?

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இந்த மாதிரி எதையாவது அங்க யார்கிட்டயும் உளறி வெக்காத. சம்பந்தி கிருஷ்ணசாமி வீட்டுக்காரங்களுக்கு கிளென் வேவர்லில பாதிப் பேரைத் தெரியும். ஒரு வார்த்தை போதும், என் பொண்ணு வாழ்க்கை போயிடும்.

இப்ப இங்க வராத. வீட்ல பெயின்ட் வேலை நடக்குது.

மதில் மேல நடந்தேன்னு எழுதினதை நாலு தடவை படிச்சேன். கல்லுல நாலு விரல் பள்ளமா? அந்தக் காலண்டர் படத்துல அதெல்லாம் தெரியல.

அப்புறம், சும்மாதான் கேக்கறேன். அந்தம்மா எப்ப குளிக்கறா? அவ குளிக்கப் போனா அவரை யாரு பாத்துக்கறா? கேட்டியா?

கல்யாணி


கிளென் வேவர்லி
3 யூன் 2025

கல்யாணி,

உன்ர கடைசிப் பந்தியை வாசிச்ச உடன பேனையைத் தேடி எடுத்திட்டன். ஏன் எண்டு சொல்லுறன்.

அண்டைக்கு அந்த மனுசி எனக்குத் தேத்தண்ணி தந்து முற்றத்தில இருத்தினவ. "எனக்கும் ஒரு சிநேகிதி இருக்கிறாள், அவளின்ர மனுசனுக்கும் இப்பிடித்தான் எண்டு நினைக்கிறன், அவள் ஒருத்தருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறாள்" எண்டு ஃபோனில சொன்னன். அது சீனத்தில வாசிச்சுக் காட்டினது. அவ யோசிச்சிட்டு ஃபோனை வாங்கி ஒரு கேள்வி கேட்டா. "அப்ப அவள் எப்ப குளிக்கிறவள்?"

கண்ணில புரை உள்ள மனுசனோட இருக்கிற ஒருத்தியும் இந்தக் கேள்வியைக் கேக்க மாட்டாளடி.

நீ கேட்டதுக்குப் பதில்: பத்து மணிக்குக் குளிக்கிறா. எதிர்வீட்டு மனுசி வந்து அவருக்குப் பக்கத்தில இருந்து கீரை ஆயும். அவருக்கு இப்பிடி எண்டு அந்த ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும். நான் இருக்கேக்கையே ஒருக்கா அவர் கதவைத் திறந்து வெளியால போயிட்டார். அவ பதறிப்போய் எழும்பினவ எண்டோ நினைக்கிறாய்? இல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சவ. வினாகிரிக் கடைக்காரன் தோளில கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டுப் போறான். பின்னேரம் அவ சந்தியில பெண்டுகளோட டான்ஸ் ஆடப் போவாவாம். எனக்கும் ஆடிக் காட்டினவ.

போன கடுதாசியில நான் ஒண்டை எழுதாமல் விட்டிட்டன், வெக்கமா இருந்தது. அந்த வீட்டால வெளிக்கிட்டு, மிச்ச மதிலையும் நடந்து முடிப்பம் எண்டு திரும்ப ஏறினன். கொஞ்சத் தூரம் போக, திருத்த வேலை எண்டு அடைச்சிருந்தது. திரும்பி வந்தால் இறங்கிற படிக் கதவு பூட்டு! ஆறரைக்குப் பூட்டுவினமாம், எனக்கு ஆர் சொன்னது? அங்கால போனன், அதுவும் பூட்டு. கீழ தெருவில சனம் நூடில்ஸ் சாப்பிடுது, சிரிக்குது. "ஹலோ!" எண்டு கத்தினன். ஒருத்தரும் நிமிந்து பாக்கேல்ல. பிறகு தமிழில கத்தினன், "ஆராவது இருக்கிறியளோ!" எண்டு. ஃபோனில சார்ஜ் இல்லை. மூத்திரம் முட்டுது. செங்கல்லில குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதன். கூட்டுற மனுசி ஒருத்தி விளக்குமாத்தோட வந்து, நல்லா ஏசி ஏசித் திறந்து விட்டா. அவ ஏசினது எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

நாப்பது நிமிசம். அவ்வளவுதான் நான் பூட்டுக்குள்ள இருந்தனான். உனக்கு எத்தினை மாசம்?

பெயின்ட் வேலையாம். ஹரிஸ் பார்க்கில யூன் மாசக் குளிருக்க ஆர் பெயின்ட் அடிக்கிறது? பொய்யை ஒழுங்காச் சொல்லவும் உனக்குத் தெரியாது.

எழுது. நான் இஞ்ச மூண்டு அறை வீட்டில தனிய இருக்கிறன். நல்ல ஸ்கூல் ஸோன் எண்டு அடிபட்டு வாங்கின வீடு, பள்ளிக்கூடம் போக இப்ப ஒருத்தருமில்லை. நீ சொன்னால் நாளைக்கே பிளேன் ஏறுவன்.

கௌரி


ஹரிஸ் பார்க்
14 ஜூன் 2025

கௌரி,

ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது மூணாவது.

பதினெட்டு மாசம் ஆச்சு. டிமென்ஷியா. பாராமட்டாவுல பாக்கற டாக்டர்கிட்டப் போனா வெயிட்டிங் ரூம்ல நம்ம ஆளுங்கதான் உக்காந்திருப்பாங்க. அதனால பென்ரித்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ட்ரெயின்ல. மாத்திரையை விட்டமின் டப்பால போட்டு வெச்சிருக்கேன். கண்ணுல புரைன்னு சொன்னது நான் கட்டின கதை. கார் சாவிய அரிசி டிரம்முல ஒளிச்சு வெச்சிருக்கேன்.

டிக்கெட் போட்டப்ப இவ்ளோ மோசமில்ல. ரெண்டு வாரம் சமாளிச்சுப்பாருன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். கிளம்ப மூணு நாள் இருக்கறப்ப, அடுப்புல பால் வெச்சுட்டுத் தெருவுக்குப் போயிட்டாரு. விக்ராம் ஸ்ட்ரீட் முனையில ஸ்வீட் கடை வாசல்ல நின்னுட்டு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் ஈரோடு பஸ் எப்ப வரும்னு கேட்டுட்டு இருந்தாரு. நான் அவரு கையப் பிடிச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிரிச்சுட்டே, "ஜோக் அடிச்சது போதும், வாங்க" ன்னு கூட்டிட்டு வந்தேன். அன்னிக்குத்தான் கதவுக்கு ரெண்டாவது பூட்டு போட்டேன். சாவி என் கழுத்துல தாலியோட தொங்குது. அவரைத்தான் பூட்டி வெச்சிருக்கேன்னு நெனைச்சேன். ரெண்டு பேருமே உள்ளதான் இருக்கோம். வேலைய விட்டுட்டேன். காய்கறி எல்லாம் வீட்டுக்கே வருது. அவரில்லாம நான் மட்டும் வாசப்படி தாண்டி மார்ச்சோட சரி.

நான் எப்ப குளிக்கறேன்னு அந்தச் சீனாக்காரம்மா கேட்டுச்சு இல்ல. பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, "ஒண்ணுலேர்ந்து எண்ணிட்டே இருங்க" ன்னு சொல்லுவேன். எண்ணற சத்தம் நின்னா சோப்போட ஓடி வரணும். முந்தியெல்லாம் முந்நூறு வரைக்கும் போவாரு. இப்ப நாப்பதுல நிக்குது. நாப்பதுக்குள்ள குளிக்கப் பழகிட்டேன்.

யாமினிக்குத் தெரியாது. சாட்ஸ்வுட்ல ஃப்ரெண்டோட இருக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவா. அதுக்கு சனிக்கிழமை ஒத்திகை. சிரிக்காத. அவரை ஷேவ் பண்ணி, எதிர்ல உக்காந்து, நானே யாமினி மாதிரி கேப்பேன். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "நல்லாத் தூங்கினீங்களா?" "நல்லாத் தூங்கினேன்." "மேட்ச் பாத்தீங்களா?" "பாத்தேன், ஆஸ்திரேலியா தோத்துட்டான்." ஒரு வாரம் ஆஸ்திரேலியா ஜெயிச்சிருந்தான், அன்னிக்கும் தோத்துட்டான்னாரு. யாமினி சிரிச்சுட்டு விட்டுட்டா. நல்ல வேளை, அவ எப்பவும் இந்த மூணுதான் கேப்பா, இதே வரிசைல. மிச்சத்துக்கு நான் நடுவுல பூந்து பேசிடுவேன். அவ போனதும் அவரு என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணு, யாரு வீட்டுப் பொண்ணு?" ன்னு கேப்பாரு.

நவம்பர் வரைக்கும்தான் கௌரி. நிச்சயம் பேச வந்தப்பவே சம்பந்தியம்மா கேட்டாங்க, "உங்க குடும்பத்துல சுகர், பி.பி. எல்லாம் எப்படிங்க?" ன்னு. சுகர் கொஞ்சம் உண்டுன்னேன். அவரோட அண்ணனுக்கும் ஈரோட்டுல இதே வியாதி. குடும்பத்துல வர்றதுன்னு பேச்சு வந்தா எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும். அப்புறம் ஊருக்கே சொல்றேன்.

உன்ன ஏன் பிளாக் பண்ணினேன்னா, நீ ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாப் போதும். வேற யாரை வேணா ஏமாத்தலாம், உன்ன முடியாது. உன் முகத்தைப் பார்த்தா நானும் உடைஞ்சிடுவேன்.

யாமினிக்குத் தெரியக் கூடாது. என் மேல சத்தியம்.

கல்யாணி


கிளென் வேவர்லி
25 யூன் 2025

கல்யாணி,

உன்ர சத்தியத்தை நான் மீறிப்போட்டன்.

பேசு, பேசவேண்டியதை எல்லாம் பேசு. உன்ர கடுதாசி வந்து மூண்டு நாள் நான் பொத்திக்கொண்டுதான் இருந்தனான். வேலைக்குப் போனால், வயசு போனவைக்குச் சாப்பாடு தீத்தேக்க அந்த நாப்பதுதான் காதுக்குள்ள கேக்குது. கேதீஸ்வரனுக்கு நெஞ்சு நோ வந்த நேரம் அவரும் "ஒருத்தருக்கும் சொல்லாதை, மகனுக்குச் சோதினை நடக்குது, படிப்புக் குழம்பும்" எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நான் வாயைப் பொத்தினன். சோதினை நல்லா முடிஞ்சுது. மனுசன் இல்லை. இது நான் ஒருத்தருக்கும் சொல்லாதது, உனக்கும் சொல்லேல்ல.

எண்ணிக்கை இருபதில நிண்டால் நீ என்ன செய்வாய்? ஈரத்தில வழுக்கி நீ விழுந்தால் ஆர் கதவைத் திறக்கிறது? சாவி உன்ர கழுத்தில எல்லோ. அவர் உனக்குப் பக்கத்தில இருந்து எண்ணிக்கொண்டிருப்பார். இப்பிடி ஒண்டு எங்கட இல்லத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில நடந்தது. நான் கண்டனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாமினிக்கு எடுத்தன். சொன்னன், எல்லாம் சொன்னன். பிறகு அவள் சொன்னதை நான் எழுத மாட்டன். அது உனக்கும் உன்ர பிள்ளைக்கும் இடையில உள்ளது. ஞாயிற்றுக்கிழமை வருவாள். இந்தச் சனி ஒத்திகை வேண்டாம்.

இனி நீ என்னோட கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, பொய். பரவாயில்லை எண்டு இல்லை. கதை.

கௌரி


சிட்னி ஏர்போர்ட்
19 ஜூலை 2025

கௌரி,

உன்ன அன்பிளாக் பண்ணிட்டேன். ஆனா இதை ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வார்த்தையில அழுதுடுவேன். அதான் எழுதறேன். கோவம் தீந்துடுச்சுன்னு நெனைக்காத. என் மேல வெச்ச சத்தியத்தை மீறறவ கூட எனக்கு என்ன பேச்சு? உன் கடுதாசி வந்த அன்னிக்கு நீ என் கைல கெடச்சிருந்தா அவ்ளோதான்.

கேதீஸ் விஷயம் படிச்சேன். நேர்ல வா, பேசிக்கலாம்.

அந்த ஞாயித்துக்கிழமை யாமினி காலையிலயே வந்துட்டா. நான் கதவைத் திறந்து நிக்கறேன். நேரா அவர்கிட்டப் போய் உக்காந்து, வழக்கம் போல, "சாப்பிட்டீங்களாப்பா?" ன்னா. "ஆச்சும்மா." "நல்லாத் தூங்கினீங்களா?" "நல்லாத் தூங்கினேன்." "மேட்ச் பாத்தீங்களா?" "பாத்தேன், ஆஸ்திரேலியா தோத்துட்டான்." அப்புறம் என்கிட்டத் திரும்பி, "அம்மா, ஐ நோ" ன்னா. "எனக்கு எப்பவோ தெரியும்."

போன வருஷம் மே மாசத்துலேர்ந்து தெரியுமாம். ஒரு தடவை கேள்விய மாத்திக் கேட்டாளாம், வேலை எப்படின்னு. அவரு முழிச்சாராம், என் முகம் வெளுத்துப் போச்சாம். அன்னிலேர்ந்து அந்த மூணுதான், அதே வரிசைல. நல்ல வேளை நல்ல வேளைன்னு நான் சாமிக்கு விளக்கேத்தினேனே, அது அவ எனக்குக் கொடுத்ததுடி. "நீங்க சொல்லலையே, நான் எப்படிம்மா கேக்கறது? கேட்டா நீங்க உடைஞ்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" ங்கறா. ஒரு வருஷத்துக்கு மேல வாராவாரம், அவரை நடுவுல உக்கார வெச்சுட்டு, நாங்க ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி நடிச்சிருக்கோம். அவரு ஒருத்தர்தான் நடிக்கல.

கல்யாணத்துக்கு நான் அவசரப்பட்டது, விஷயம் வெளிய தெரியறதுக்குள்ள முடிக்கணும்னு. அவ சரின்னு சொன்னது, அப்பாவுக்கு அவளை அடையாளம் தெரியறப்பவே நடக்கணும்னு. மாப்பிள்ளைக்கு ரெண்டாவது தடவை பார்த்தப்பவே சொல்லிட்டாளாம். சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். அன்னிக்கு சுகர் கொஞ்சம் உண்டுன்னு நான் பொய் சொல்றப்ப அந்தம்மா என் கையப் பிடிச்சுட்டே இருந்தாங்க. பாசமான பொம்பளைன்னு நெனைச்சேன். நானே சொல்லட்டும்னு காத்துட்டு இருந்திருக்காங்க. எனக்கு மானம் போச்சு கௌரி. குளிக்கப் போயிட்டு ஒரு மணி நேரம் வரல. வெளிய யாமினி அவரோட சேர்ந்து எண்ணிட்டு இருந்தா, அவரு விட்ட எடத்துல அவ எடுத்துக் கொடுக்கறா. இருநூறு தாண்டிப் போச்சு.

அப்புறம் எல்லாம் மளமளன்னு. யாமினி வீட்டுக்கே வந்துட்டா, இன்னிலேர்ந்து ரெண்டு வாரம் லீவும் போட்டிருக்கா. மாப்பிள்ளை சாயங்காலம் வந்து அவரை நடக்கக் கூட்டிட்டுப் போறாரு. ஸ்வீட் கடைக்காரர்கிட்ட நானே போய்ச் சொன்னேன், இவரு தனியா வந்தா உக்கார வெச்சு எனக்கு ஃபோன் போடுங்கன்னு. "எனக்குத் தெரியுங்கக்கா, ரெண்டு தடவை பின்னாலயே வந்து வீட்டு முனை வரைக்கும் விட்டிருக்கேன்" ங்கறாரு! யாருக்குத்தான்டி தெரியாம இருந்துச்சு?

யாமினிதான் பாஸ்போர்ட்டை எடுத்துக் கைல கொடுத்தா. "போங்க, உங்க காலண்டர் ஊருக்கு" ன்னா. உன்னைக் கூப்பிடல. நீ தனியாத்தான போன? நானும் தனியாத்தான் போவேன். ஆறரை மணிக்குள்ள இறங்கிடுவேன், பயப்படாத.

இன்னிக்குக் காலையில நடந்ததுதான் சொல்லணும், அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

டாக்ஸி வெளிய நிக்குது. ரெண்டு பூட்டையும் நானே திறந்தேன், சாவிய யாமினி கைல கொடுத்தேன். அவ பெட்டிய எடுத்துட்டு முன்னால போயிட்டா. அவரு ஹால் சோஃபாவுல இருந்தாரு. "போயிட்டு வர்றேன்" னு சொல்லலாமா, சொன்னா கலவரப்படுவாரான்னு தயங்கி நிக்கறேன். நேத்தெல்லாம் என்னைக் கல்யாணின்னு நல்லாத்தான் கூப்பிட்டாரு. இன்னிக்குக் கோட்டு போட்டு, தோள்ல பையோட என்னைப் பார்த்ததும் மரியாதையா எந்திரிச்சு நின்னாரு.

"ஏங்க, எங்கயோ தூரமாப் போறீங்க போல" ன்னாரு.

"ஆமாங்க, சைனாவுக்கு" ன்னேன்.

உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, யாருக்கும் கேக்கக் கூடாதுங்கற மாதிரி என் பக்கத்துல வந்தாரு. "எங்க வீட்டுல உள்ளதான் இருக்கா. பேரு கல்யாணி. பாவங்க, வெளியவே போறதில்ல. நான் சொன்னா வரமாட்டா. நீங்க அவளையும் கூடக் கூட்டிட்டுப் போறீங்களா? மெதுவா நடப்பா, முட்டி வலி. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கூட்டிட்டுப் போறேங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

கல்யாணி